மதுரைக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவே இரண்டரை மணி நேரம்

தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் 2025 ஜூலை 26 அன்று திறந்துவைத்த பிறகு, தென் மாவட்டங்களில் ஒரு பழைய வழக்கு மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. ‘மதுரை பக்கத்திலேயே இருக்கும்போது தூத்துக்குடிக்கு எதற்கு இத்தனை செலவு?’ என்கிறது ஒரு தரப்பு. ‘நெல்லைக்காரர் மதுரைக்கு அலைய வேண்டுமா?’ என்கிறது மறுதரப்பு. இருவரும் கிலோமீட்டரை வைத்தே வாதிடுகிறார்கள். பயணியோ வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஆகும் நேரத்தைத்தான் எண்ணுகிறார். அந்தக் கணக்கைப் போட்டால், இரு தரப்பும் பேசாமல் விட்ட ஒரு குறை தெரியவரும்: இந்த இரண்டு நிலையங்களையும் தரைவழியே இணைக்க உருப்படியான ஏற்பாடு இல்லை.

வரைபடத்தில் ஒரு தூரம், சாலையில் ஒரு தூரம்

மதுரை விமான நிலையம் நகரின் தெற்கே பெருங்குடியை ஒட்டி இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் உண்மையில் தூத்துக்குடி நகரில் இல்லை. திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட நேர் வடக்கு தெற்காக அமைந்தவை. நேர்கோட்டில் அளந்தால் சுமார் 123 கிலோமீட்டர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுரைக்கும் திருச்சிக்கும் இடையிலான வான்தொலைவும் ஏறத்தாழ அதே 123 கிலோமீட்டர்தான். வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 125 கிலோமீட்டர். ஆக, திருச்சியில் தொடங்கித் திருவனந்தபுரம்வரை நான்கு விமான நிலையங்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசையாக அமைந்திருக்கின்றன. யாரும் திட்டமிட்டு அப்படி அமைக்கவில்லை. ஆனால் திட்டமிட்டிருந்தாலும் இதைவிடச் சீராக அமைத்திருக்க முடியாது.

சாலைக்கு வந்தால் கதை மாறுகிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலையில் போய், நகரின் விளிம்பில் மேற்கே திரும்பி வாகைக்குளம் வரலாம். அல்லது விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து கிழக்கே திரும்பலாம். முதல் வழியில் 150 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடும்; இரண்டாவது வழி அதைவிட நீளம். வாடகைக் காரில் இரண்டரை மணி நேரம். பேருந்தில் வருபவர் குறைந்தது இரண்டு வண்டி மாற வேண்டும். நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இடையில் விமானம் விட்டால் என்ன?

சிலர் இப்படிக் கேட்பதுண்டு. நடைமுறையில் அது கட்டுப்படியாகாது. விமானம் அதிக எரிபொருளைக் குடிப்பது மேலே ஏறும்போதுதான். 120 கிலோமீட்டர் பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அரைமணிக்கும் குறைவான பறப்புக்காகப் பயணி ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து காத்திருக்கவும் மாட்டார்.

சிறு நகரங்களுக்கு மலிவுக் கட்டணத்தில் விமானம் விடுவதற்காக மத்திய அரசு 2016-ல் அறிவித்த ‘உடான்’ திட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. அத்திட்டத்தின் கட்டண வரம்புப் பட்டியல் 151 கிலோமீட்டரில்தான் தொடங்கியது. அதற்குக் குறைந்த தூரம் விமானத்துக்கு உரியது அன்று. பேருந்துக்கும் ரயிலுக்கும் உரியது. அந்தப் பேருந்தும் ரயிலும் எங்கே என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

திருநெல்வேலிப் பயணியின் கணக்கு

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு அவசரமாகப் போக வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாகைக்குளம் அவருக்கு சுமார் 30 கிலோமீட்டர். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். சோதனைகளுக்காக ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போகிறார். பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. சென்னையில் இறங்கி வெளியே வர அரைமணி முதல் முக்கால்மணி. மொத்தம் நான்கரை மணி நேரம்.

வாகைக்குளத்தில் அன்று இடம் கிடைக்கவில்லை, அல்லது அவருக்கு ஏற்ற நேரத்தில் விமானம் இல்லை. மதுரைக்குப் போகிறார். சாலையில் மட்டும் இரண்டரை மணி நேரம். போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து இன்னும் அரைமணி முன்னதாகக் கிளம்புவார். பறக்கும் நேரம் சற்றுக் குறைவு என்றாலும், மொத்தப் பயணம் ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

இப்போது ரயிலைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத், காலை ஆறு மணியளவில் புறப்பட்டு ஏறத்தாழ 7 மணி 50 நிமிடத்தில் எழும்பூர் சேர்கிறது. மதுரை வழியாக விமானத்தில் போகிறவர் மிச்சப்படுத்துவது ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு விமானக் கட்டணம், கார் வாடகை, சுங்கம் என்று அவர் கொடுக்கும் விலை பல மடங்கு.

வானத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை அந்த 150 கிலோமீட்டர் தரையில் தின்றுவிடுகிறது. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

தொலைவில் இருப்பது சீக்கிரம் வரும்

நாகர்கோவிலுக்கு வந்தால் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. அங்கிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 70 கிலோமீட்டர்தான். வாகைக்குளம் 100 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று கடைத்தெருக்களுக்கு நடுவே ஊர்ந்து போகும் சாலையில் அந்த 70 கிலோமீட்டரைக் கடக்கப் பல நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. வாகைக்குளத்துக்கோ பெரும்பகுதி நான்குவழிச் சாலை.

இத்தனைக்குப் பிறகும் குமரி மாவட்டத்துக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கே போகிறார்கள். இந்த இரண்டில் வளைகுடா நாடுகளுக்கு நேரடி விமானம் அங்கேதான் இருக்கிறது. அபுதாபியிலோ தம்மாமிலோ வேலை செய்யும் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வருகிறார். அவரை அழைத்துவரக் குடும்பமே வேன் பிடித்துப் போகிறது. அந்த வேன் வாடகையும் இரவுக் காத்திருப்பும் எந்த விமான நிலையத்தின் பயணிகள் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

தென்காசி, சங்கரன்கோவில், சிவகாசி, இராஜபாளையம் மக்களின் நிலையும் இதுதான். மூன்று விமான நிலையங்கள் சுற்றிலும் இருக்கின்றன. ஆனால் எதற்குப் போனால் சீக்கிரம், எதற்குப் போனால் மலிவு என்று தெளிவாகச் சொல்ல எந்த அரசு ஏற்பாடும் இல்லை. வாடகைக் கார் ஓட்டுநரின் வாய்ச்சொல்தான் வழிகாட்டி.

போட்டி என்பது வீண் கற்பனை

தூத்துக்குடி வளர்ந்தால் மதுரை தேயும் என்ற அச்சம் மதுரையில் உண்டு. மதுரை முந்திக்கொண்டால் தங்களுக்கு மிச்சம் இருக்காது என்ற அச்சம் தூத்துக்குடியில் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் போதாது.

மதுரையிலிருந்து அதே தூரத்தில் உள்ள திருச்சி பல ஆண்டுகளாகச் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்களால் நிரம்பியிருக்கிறது. 2024-ல் அங்கும் பெரிய புதிய முனையம் வந்தது. அதனால் மதுரைக்கு உள்நாட்டுப் பயணிகள் வராமல் போகவில்லை. கேரளத்தில் நான்கு பன்னாட்டு விமான நிலையங்கள் உள்ளன. கோழிக்கோட்டுக்கும் கண்ணூருக்கும் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான்.

கண்ணூர் நமக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. 2018 டிசம்பரில் மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையோடு திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு வர வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்கு ஆண்டுக்கணக்கில் அனுமதி கிடைக்கவில்லை. நாடுகளுக்கு இடையிலான விமான ஒப்பந்தங்களில் ஊரின் பெயர் இடம்பெற வேண்டும். இடம்பெறாவிட்டால் எத்தனை பெரிய முனையம் கட்டினாலும் அயல்நாட்டு விமானம் இறங்காது. மதுரையும் நெடுங்காலமாக இதே குறையைச் சொல்லி வந்திருக்கிறது. கண்ணூரின் வளர்ச்சியைத் தடுத்தது பக்கத்து ஊர் அல்ல, கிடைக்காத அனுமதி.

இரண்டு நிலையங்களின் பலமும் வேறு வேறு. தூத்துக்குடியில் முன்பு 1,350 மீட்டர் ஓடுபாதைதான். 70-80 பேர் அமரும் சிறிய விமானங்கள் மட்டுமே இறங்க முடிந்தது. இப்போது 3,115 மீட்டர். சுமார் 450 கோடி ரூபாயில் கட்டப்பட்ட 17,340 சதுர மீட்டர் முனையம் ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைத் தாங்கும். மதுரையின் ஓடுபாதை 2,285 மீட்டர். அதை நீட்டும் திட்டம் நிலம் கையகப்படுத்துதலிலும், குறுக்கே போகும் சாலையை என்ன செய்வது என்ற பேச்சிலும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

அதே நேரத்தில் மதுரைக்கு விமானங்கள் அதிகம், ஊர்கள் அதிகம், ஆன்மிகப் பயணிகளும் மருத்துவப் பயணிகளும் அதிகம். தூத்துக்குடிக்குத் துறைமுகம் இருக்கிறது, புதிய வாகனத் தொழிற்சாலை வந்திருக்கிறது, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. நீண்ட ஓடுபாதை ஒரு பக்கம், நிறைய விமானங்கள் மறுபக்கம். இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தத் தெரிந்தால் இரண்டுமே லாபத்தில் ஓடும்.

சேர்த்துப் பயன்படுத்துவதில் நிர்வாகத் தடை எதுவும் இல்லை. இரண்டையும் நடத்துவது ஒரே அமைப்புதான்: இந்திய விமான நிலையங்கள் ஆணையம்.

ஒன்று நின்றால் மற்றொன்று

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென் மாவட்டங்கள் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் சூழ்ந்த வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி விமானங்கள் ரத்தாயின. திருநெல்வேலி - தூத்துக்குடிச் சாலை துண்டிக்கப்பட்டது.

அவ்வளவு பெரிய பேரிடர் அடிக்கடி வராது. ஆனால் மேகமூட்டம், பலத்த காற்று, ஓடுபாதைப் பணி என்று விமானங்கள் பக்கத்து நிலையத்துக்குத் திருப்பிவிடப்படுவது எங்கும் நடக்கிற காரியம். விமானத்தைத் திருப்புவதற்கு எழுதிவைத்த விதி உண்டு. இறங்கிய பயணியை அவர் போக வேண்டிய ஊருக்குக் கொண்டுசேர்ப்பதற்கு இங்கே ஆயத்தமாக ஒரு பேருந்துகூடக் கிடையாது. கைக்குழந்தையோடு இறங்கியவரும், இறுதிச் சடங்குக்கு ஓடி வந்தவரும் நள்ளிரவில் கார்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள்.

சாலையும் தண்டவாளமும்

இரண்டு நிலையங்களையும் இணைக்க வேண்டிய சாலைகளின் நிலை பெருமைப்படும்படி இல்லை. மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியாபுரத்திலும் சுங்கம் கட்டுகிறோம். சாலையை முறையாகப் பராமரிக்காத நிலையில் அங்கே சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று 2025 ஜூன் மாதம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவுக்குத் தடை கிடைத்து வசூல் தொடர்ந்தது. வாகைக்குளத்துக்கு மேற்கே, வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம் அடிக்கடி சேதமடைந்து, போக்குவரத்தை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

ரயில் கதை இன்னும் நீளம். அருப்புக்கோட்டை வழியாக மதுரை - தூத்துக்குடி புதிய பாதை 2011-12 நிதியாண்டில் ஒப்புதல் பெற்றது. சுமார் 143 கிலோமீட்டர் திட்டத்தில், மீளவிட்டான் - மேல்மருதூர் இடையே 18 கிலோமீட்டர்தான் முதலில் முடிந்தது. 2025 தொடக்கத்தில் இத்திட்டம் கைவிடப்பட்டதா இல்லையா என்பதே ஒரு குழப்பமாகி, ரயில்வே விளக்கம் தர நேர்ந்தது. விமான நிலையத்துக்கு முனையம் கட்டும் வேகம் அதற்குப் போகும் பாதைக்கு வருவதில்லை.

என்ன செய்யலாம்?

பெரும்பாலான தீர்வுகளுக்குக் கோடிகள் தேவையில்லை. ஒருங்கிணைப்புதான் தேவை.

முதலாவது, விமான நேரத்தை ஒட்டிய பேருந்து. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் பெங்களூரு விமான நிலையத்திலிருந்து மைசூருக்கு ‘ஃப்ளைபஸ்’ என்ற பெயரில் பத்தாண்டுக்கு மேலாகப் பேருந்து விடுகிறது. மைசூருக்கென்று சொந்த விமான நிலையம் இருந்தும் அந்தப் பேருந்துக்குத் தேவை இருக்கிறது. மதுரை விமான நிலையம் - அருப்புக்கோட்டை - எட்டயபுரம் - வாகைக்குளம் - திருநெல்வேலி என்று ஒரு தடத்திலும், மதுரை விமான நிலையம் - விருதுநகர் - கோவில்பட்டி - திருநெல்வேலி என்று இன்னொரு தடத்திலும் நம் போக்குவரத்துக் கழகம் குளிர்சாதனப் பேருந்து விட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் நாளுக்கு நான்கு நடை போதும். ஆனால் விமானம் தாமதமானால் பேருந்தும் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் திட்டமே பயனற்றுப் போகும்.

இரண்டாவது, நேர அட்டவணையைப் பங்கிடுவது. காலையில் இரண்டு நிலையங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் சென்னைக்கு விமானம் கிளம்பி, அதன்பின் பல மணி நேரம் இரண்டிலும் ஒன்றுமில்லாமல் இருந்தால் யாருக்கும் பயனில்லை. நேரங்களை இடைவெளிவிட்டு அமைக்க விமான நிறுவனங்களோடு ஆணையம் பேச வேண்டும். ஒரு நிலையத்தில் போய் மற்றொன்றில் திரும்புவது எளிதானால், நடுவில் உள்ள கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பயணிகளுக்கு வாய்ப்பு இரட்டிப்பாகும்.

மூன்றாவது, திருப்பிவிடப்படும் விமானங்களுக்கு எழுத்துபூர்வமான ஏற்பாடு. எந்த நிலையத்தில் இறங்கினாலும், இத்தனை நிமிடத்துக்குள் பேருந்து, பயணியிடம் கூடுதல் கட்டணம் இல்லை என்று விமான நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, நேர வரைபடம். தென் மாவட்டங்களின் ஒவ்வொரு வட்டத் தலைமையிடத்திலிருந்தும் மதுரை, தூத்துக்குடி, திருச்சி, திருவனந்தபுரம் விமான நிலையங்களுக்குக் காலை, மாலை, இரவு வேளைகளில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மாநில அரசு அளந்து வெளியிட வேண்டும். புதிய விமான நிலையம், புதிய சாலை, ஓடுபாதை நீட்டிப்பு எதைப் பற்றி முடிவெடுத்தாலும் இந்த வரைபடம் மேசையில் இருக்க வேண்டும். இப்போது புதிய விமான நிலையங்களுக்கான மத்தியக் கொள்கை 150 கிலோமீட்டர் வட்டம் என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. மலைப்பாதையில் 150 கிலோமீட்டரும் நான்குவழிச் சாலையில் 150 கிலோமீட்டரும் ஒன்றாகுமா?

ஐந்தாவது, பாதைகளை முடிப்பது. வல்லநாட்டுப் பாலத்துக்கு ஒட்டுப்போடுவதை நிறுத்தி நிரந்தரத் தீர்வு காண வேண்டும். அருப்புக்கோட்டை ரயில் பாதைக்கு ஆண்டுவாரியான நிதியும் முடிக்கும் தேதியும் அறிவிக்கப்பட வேண்டும். அது முடியும்வரை, மதுரை, திருநெல்வேலி சந்திப்புகளிலிருந்து விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்து விடுவது சிக்கலான காரியமில்லை.

ஆறாவது, சரக்கு. மதுரை மல்லிகைக்கும் தூத்துக்குடி மீனுக்கும் ஒரே எதிரி நேரம்தான். காலையில் பறித்த மொட்டு இரவுக்குள் விற்பனைக்குப் போய்விட வேண்டும். பூவுக்கு மதுரையிலும் மீனுக்குத் தூத்துக்குடியிலும் குளிர்பதனக் கிடங்கு அமைத்து, அன்று எந்த நிலையத்தில் விமானத்தில் இடம் இருக்கிறதோ அங்கே குளிர்பதன வண்டியில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வந்தால் விவசாயிக்கும் மீனவருக்கும் விலை கூடும்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

தென் மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வணிகச் சங்கங்களும் இதுவரை தத்தம் ஊருக்குத் தனித்தனியாகவே மனு கொடுத்து வந்திருக்கிறார்கள். மதுரையின் மனுவில் தூத்துக்குடி இல்லை. தூத்துக்குடியின் மனுவில் மதுரை இல்லை. டெல்லிக்கு அது வசதி. இரண்டு ஊரையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டு கோரிக்கையையும் தள்ளிப்போட்டுவிடலாம்.

அடுத்த முறை ஒரே மனுவாகக் கொடுங்கள். மதுரைக்கு ஓடுபாதையும் பன்னாட்டு அனுமதிகளும், தூத்துக்குடிக்குப் பெரிய விமானங்களும் கூடுதல் ஊர்களும், இரண்டுக்கும் நடுவே நேரம் தவறாத பேருந்தும் பழுதில்லாத சாலையும் என்று எழுதுங்கள். இந்தப் பட்டியலில் பேருந்து மட்டும் மாநில அரசின் கையிலேயே இருக்கிறது. டெல்லியின் பதிலுக்குக் காத்திராமல் அதை உடனே தொடங்கிவிடலாம்.